கழிவு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு நேர் எதிரே
தேன்கடை மாடியில் எங்கள் அலுவலகம்.
பாலத்தில் லாரி ஏறும்போதெல்லாம்
ஜன்னல் கண்ணாடி லேசாகப் பல் கடிக்கும்.

போன செவ்வாய் படியேறி வந்தார் ஞானசெல்வம்,
அருமனையிலிருந்து, இரண்டு பஸ் மாறி.
ரப்பர் ஷீட் விற்ற சீட்டு எட்டு.
எட்டின் அடியிலும் எங்கள் போன் நம்பர்.
"எங்க வீட்டுத் தராசுல ஒண்ணு, உங்க சீட்டுல ஒண்ணு.
ஒவ்வொரு தடவையும் முந்நூறு கிராம்
எங்கயாக்கும் போவுது?"
சீட்டுகளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்,
தண்ணீர்கூடக் குடிக்காமல்.

எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை.
பதினொரு வருஷத்து நிரல், நாற்பத்துமூன்று களஞ்சியம்,
எழுதியவர்களில் பாதிப்பேர் தோஹாவில்.
ஒரு சொல் வேண்டுமென்றால்
கோப்பு கோப்பாய்த் திறந்து பார்க்கும் கருவி,
இருபது நிமிஷம்,
நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

"கேட்ட பிறகு தேடக்கூடாது," என்றேன் ஷெர்லினிடம்,
"கேட்கும் முன்பே தேடி வைத்திருக்கணும்."
"சவம், சும்மா இருக்கமாட்டியா" என்றாள்.
ஆனாலும் பழைய சர்வரில் இடம் ஒழித்துத் தந்தாள்.

எல்லாக் கோப்பையும் ஒருமுறை முழுக்க வாசிப்பது.
மூன்று மூன்று எழுத்தாய் நறுக்குவது.
எந்தத் துண்டு எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில்
என்று ஒரு பேரேடு.
அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதல் ராத்திரி அறுபத்தொரு சதவீதத்தில் நின்றது.
யாரோ ஒரே வரியில்
நாலு லட்சம் எழுத்து வைத்திருந்தார்கள்.
அதை விலக்கினேன். படங்களை விலக்கினேன்.
இரவல் வாங்கிய நூலகங்களை,
பிழைச்செய்திக் குப்பையை.
ஒரு களஞ்சியத்தில் யாருடைய கல்யாண அழைப்பிதழோ,
அதையும்.

இரண்டாம் ராத்திரி ஓடி முடிந்தது.
'கழிவு' என்று தட்டினேன். ஒன்றுமில்லை.
'எடை'. ஒன்றுமில்லை.
இத்தனை பேரில் ஒருத்தருமா
தமிழில் ஒரு குறிப்பு எழுதவில்லை?

நறுக்கும் கத்திக்குத் தமிழ் தெரியவில்லை.
கொம்பும் காலும் புள்ளியும் அதற்கு எழுத்தில்லை,
வெறும் இடைவெளி.
'கழிவு' அதன் கையில் 'கழ', அப்புறம் ஒரு 'வ'.
மூன்றெழுத்துக்குக் குறைந்தது சொல்லாகாதென்று
வீசிவிட்டது.

குறிகளும் எழுத்தே
என்று அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
மறுபடி முதலிலிருந்து, இரண்டே முக்கால் மணி நேரம்.
சர்வர் விசிறிக்கு மட்டும் வேர்க்கவில்லை.

விடியக்காலம் நாலேகால்.
'கழிவு': ஏழு இடம்.
ஆறில் சாக்கு, சணல், ஏற்றுக்கூலி.
ஏழாவதில், எடையைக் குறைக்கும் வரிக்குச் சற்று மேலே,
இரண்டு சாய்கோட்டுக்குப் பின்னால்:
கேட்டால் ஈரம் என்று சொல்லவும்.

எழுதியவன் பெனிஷ்.
சரிபார்த்தது நான்.

ஓர்மை இல்லை.
வெள்ளிக்கிழமை சாயங்காலமாக இருந்திருக்கும்,
பதினாலு மாற்றம் ஒன்றாக வந்திருக்கும்,
கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு
சரி, சரி, சரி என்று அழுத்தியிருப்பேன்.
இருந்திருக்கும், வந்திருக்கும், அழுத்தியிருப்பேன்.
பேரேட்டில் இப்படியெல்லாம் இல்லை.
பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது.

காலையில் கிறிஸ்துராஜ் சார் வந்து திரையைப் பார்த்தார்.
"நல்ல வேகம்" என்றார்.
டீயை முழுசாய்க் குடித்தார்.
"அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விலக்கிடுங்க."

விலக்கல் பட்டியல் திறந்திருக்கிறது.
படம், நூலகம், குப்பை, கல்யாண அழைப்பிதழ்.
அடுத்த வரியில் கர்சர் மினுங்குகிறது.

ஷெர்லின் எட்டுச் சீட்டையும்
ஒவ்வொன்றாய் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
பாலத்தில் லாரி ஏறுகிறது, ரப்பர் பாரம்.
கண்ணாடி கடிக்கிறது.